மூன்று தேங்காய் கேட்ட டைனமோ

"...அது சும்மாதானே சுத்துது அக்கா. முன் சக்கரம்தான் வேன இழுக்குது. பின் சக்கரம் ரெண்டும் வேல வெட்டி இல்லாம பின்னாலயே உருண்டுக்கிட்டு வருது. அதுல ஆளுக்கு ஒரு டைனமோ மாட்டிவிட்டா, ஓட ஓட அதுவே பேட்டரிய ரொப்பிக்கும்லா. அப்புறம் எதுக்கு நான் வயர சொருகிட்டு ராவெல்லாம் காவல் இருக்கணும்?"

என் தம்பி இதைச் சொன்னபோது புந்தோங்கில் என் வீட்டு முன்கொட்டகையில், பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தான். நான் எரிந்துபோன மேசை விசிறி ஒன்றுக்குப் புதுக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்று எண்ணிக்கை தப்பிவிடும் என்பதால் அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இந்த வேலை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் காயில், அதாவது மோட்டார்க் கம்பிச் சுருள், சுற்றும் வரிசையில் இருந்தேன். அங்கே எந்திரம் சுற்றும், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். அது மூடப்பட்ட பிறகு, எங்கள் வீட்டு விசிறி ஒன்று எரிந்தது. பிரித்தேன். கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணி அவிழ்த்தேன். அதே அளவு புதுக் கம்பி வாங்கி, அதே எண்ணிக்கையில் சுற்றினேன். நாலாவது தடவை விசிறி ஓடியது. முதல் மூன்று தடவை புகை வந்தது. அதிலிருந்து அக்கம்பக்கத்து விசிறி, தண்ணீர் பம்ப், கிரைண்டர் எல்லாம் என் கொட்டகைக்கு வர ஆரம்பித்தன. சாமான் கொண்டுவருகிற ஆட்கள் ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். ஒருத்தர் எரிந்த பம்பைக் கீழே வைத்துவிட்டு, "சாகல அக்கா, கோவத்துல பேசாம இருக்கு" என்றார். இன்னொரு அம்மாள், "இந்த விசிறி என் வீட்டுக்காரரு மாதிரி. சுத்தும், காத்து வராது" என்றாள். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் கூலியைக் குறைத்ததுண்டு.

தம்பியின் பேச்சையும் அன்று எழுதி வைத்தேன். ஆனால் சிரித்துவிட்டு எழுதவில்லை. ஏனென்றால் அவன் அதைச் செய்யப் போகிறவன்.

அவன் கோலக்கங்சார் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் கட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறான். தாமானிலிருந்து ஏழு பெண்களைத் தினமும் காலையில் ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது அவன் பிழைப்பு. டீசல் வேன் ஒன்று வைத்திருந்தான். அது முடியாது என்று படுத்த பிறகு, யாரோ ஒருவர் இரண்டு வருஷம் ஓட்டிய எலக்ட்ரிக் வேனை வாங்கினான். வேன் நல்ல வேன். சத்தமில்லை, புகையில்லை. ஏழு பெண்களும் வீட்டுக் கதைகளை மெதுவாகப் பேச முடிந்தது. முன்பு கத்திப் பேசி, ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவர்களில் ஒருத்தி என்னிடம் சொன்னாள்.

சிக்கல் ஒன்றுதான். காலை, மாலை இரண்டு நடைக்கு பேட்டரி தாராளமாகப் போதும். தாமானில் இருக்கிற வயசான சிலரைத் தைப்பிங் ஆஸ்பத்திரிக்கு மத்தியானம் கூட்டிப்போய் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தான். அந்த மூன்றாவது நடை சேர்ந்தால் சாயங்காலம் பெண்களை ஏற்றிவருவதற்கு மிச்சம் இருக்காது. தைப்பிங்கில் நிறுத்தி வயரைச் சொருகிக் காத்திருக்க வேண்டும். தைப்பிங்கில் எந்த மத்தியானம் மழை பெய்யாமல் இருந்திருக்கிறது? மழையில் வயர் சொருகுவதென்றால் அவனுக்கு உயிர் போகும். பயப்பட ஒன்றுமில்லை, மழைக்கும் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று விற்றவர் சொன்னதை அவன் நம்பவில்லை. வீட்டில் ராத்திரி தூறல் விழுந்தால் எழுந்துபோய் பிளக்குக்குக் குடை பிடிப்பான். "கல்யாணம் ஆகி இருவத்தஞ்சு வருசத்துல எனக்கு ஒரு நாள் கொட புடிச்சதில்ல" என்று அவன் பெண்டாட்டி என்னிடம் சொன்னாள். அதுவும் காலண்டர் தாளில் இருக்கிறது.

ஆகவே அவனுக்கு வயரே இல்லாத வேன் வேண்டும்.

விசிறியை முடித்துவிட்டு அவனிடம் பேச்செடுத்தேன். "டேய், பின் சக்கரம் சும்மா உருளல. முன் சக்கரம் அத இழுத்துட்டு வருது. முன் சக்கரத்த மோட்டார் சுத்துது. மோட்டாருக்குக் குடுக்கறது யாரு? அதே பேட்டரிதான். நீ பின்னால டைனமோ மாட்டுனா அது சக்கரத்தப் புடிச்சு நிறுத்தப் பாக்கும். அதுக்கும் சேத்து மோட்டார் இழுக்கணும். பேட்டரி அதுக்கும் சேத்துக் குடுக்கணும். டைனமோ திருப்பிக் குடுக்கறது அதவிடக் கம்மியாத்தான் இருக்கும். நடுவுல பெல்ட்டு சூடாகும், காயில் சூடாகும். அந்தச் சூடெல்லாம் போனது போனதுதான்."

"டன்னலப் பத்தி என்ன சொல்ற?" என்றான்.

இதுதான் அவனுடைய பெரிய சாட்சி. தாமானிலிருந்து ஜெலாப்பாங்குக்கு வரும் நெடுஞ்சாலை, மெனோரா சுரங்கம் வரைக்கும் மேடேறி, அப்புறம் இறங்கும். இறங்கும்போது அவன் பெடலிலிருந்து காலை எடுத்தால், மீட்டரில் பேட்டரி எண் குறையாமல், மெதுவாக ஏறும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று எனக்கு மூன்று தடவை போன் பண்ணினான்.

"ஏறும்போது எவ்வளவு தின்னுச்சு?"

"அத விடு. இறங்கும்போது ஏறுச்சா இல்லியா?"

"நீ மேட்டுல ஏத்துன கனம்தான்டா திரும்பி வருது. அதுவும் முழுசா வராது. சமதரையில யாரு தள்ளிவிடுவா ஒன்ன?"

"அப்ப போலே தானே" என்றான். முடியும்தானே என்று அர்த்தம். நான் சொன்னதில் அவனுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டான்.

சொல்லி ஆகாது என்று, உடற்பயிற்சி எந்திரத்திலிருந்து கழற்றிய பழைய மோட்டார் ஒன்றை அவன் மடியில் வைத்தேன். தண்டைக் கையால் சுற்றச் சொன்னேன். லேசாகச் சுற்றியது. அதன் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இப்போது சுற்று என்றேன். தண்டு மாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இழுத்தது. வயரைப் பிரித்தேன், லேசானது. சேர்த்தேன், இழுத்தது. மோட்டாரும் டைனமோவும் ஒரே சாமான்தான், நாம் சுற்றினால் கொடுக்கும், கொடுக்கிற அளவுக்குச் சுற்ற விடாது என்று விளக்கினேன்.

அவன் இரண்டு மூன்று தடவை சுற்றிப் பார்த்தான். பிறகு மோட்டாரை மேசையில் வைத்துவிட்டு, "ஒன் காயில்ல ஏதோ கோளாறு அக்கா" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. பதினெட்டு வருஷத்தில் என் காயிலை யாரும் குறை சொன்னதில்லை.

ஜெலாப்பாங்கில் ஒரு வொர்க்ஷாப் முதலாளி, தவுக்கேயிடம் அவன் ஏற்கெனவே பேசிவிட்டான். பின் அச்சின் பக்கத்தில் தகடு பற்றவைத்து, நாலு ஓட்டை போட்டு, டைனமோவை மாட்டித் தர முடியும் என்று தவுக்கே சொல்லியிருக்கிறார். காரண்டி போய்விடும், பின் பிரேக்குக்கு நான் பொறுப்பில்லை என்பதையும் சொல்லியிருக்கிறார். நேர்மையான மனிதர். அவன் முதல் பாதியை மட்டும் என்னிடம் சொன்னான். மறுபாதியை அவன் பெண்டாட்டி சொன்னாள். வேலை சனிக்கிழமை காலை. அச்சில் ஓட்டை போட்ட பிறகு மனம் மாறினால் அடைக்க முடியாது. வேன் படுத்தால் ஏழு பெண்களுக்கும் வேலைக்குப் போக வேறு வழி கிடையாது. தாமானுக்குள் பஸ் வருவதில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அது முழுக்க நல்ல யோசனை என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளி, தாமான் அம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழா ரதம். ரதத்து விளக்குகள் அந்த வருஷமும் தம்பி பொறுப்பு. அதற்கு முன்பெல்லாம் டீசல் ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து ரதத்துக்குப் பின்னால் இழுத்துவருவார்கள். அம்மனுக்கு ஒரு பக்கம் சாம்பிராணிப் புகை, மறுபக்கம் டீசல் புகை. நாதஸ்வரம் வாசிப்பது தெரியும், கேட்காது. இந்தத் தடவை ஜெனரேட்டர் வேண்டாம் என்று கமிட்டியில் முடிவாகியிருந்தது.

"ஒன் டைனமோவ மொதல்ல ரதத்துல மாட்டிப் பாரு" என்றேன். "ரதச் சக்கரமும் சும்மாதானே சுத்துது. அதுல வெளக்கு எரிஞ்சா, சனிக்கிழம நானே வொர்க்ஷாப்புக்கு ஒன்கூட வாரேன்."

ரதத்தில் தப்பானால் விளக்குதான் அணையும். வேனில் தப்பானால் ஏழு வீட்டில் சம்பளம் நிற்கும். இதுதான் என் கணக்கு. அவனுக்கோ அம்மன் ரதத்தில் தொடங்குவது நல்ல சகுனமாகப் பட்டது. உடனே ஒத்துக்கொண்டான்.

அந்த ரதம் பழைய லாரி அச்சில் கட்டியது. மேலே மரமும் தகரமும் வர்ணமும். கீழே நாலு ரப்பர் டயர். முன்னால் இரண்டு வடம், முப்பது பேர் இழுப்பார்கள். மனுஷன் நடக்கிற வேகத்தில் சக்கரம் மெதுவாகத்தான் சுற்றும், டைனமோவோ வேகமாகச் சுற்றினால்தான் கரண்ட் கொடுக்கும். அதற்காக பழைய இரும்புக் கடையில் அலைந்து, ஒரு காலத்தில் ரப்பர் ஷீட் உருட்டின மெஷினின் பெரிய புல்லி ஒன்றைப் பிடித்தேன். ரதச் சக்கரத்தோடு பிடித்த பெரிய புல்லியிலிருந்து சின்னது, அதோடு இன்னொரு பெரியது, அதிலிருந்து டைனமோவின் குட்டிப் புல்லி என்று இரண்டு பெல்ட் போட்டோம். டைனமோவை வேலைக்கு எழுப்புகிற மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் டைனமோ வெறுமனே சுற்றும், ஒன்றும் கொடுக்காது. அந்தக் கம்பியில் ஒரு சுவிட்ச் வைத்து, ரதத்து மேல்தட்டில் தம்பி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், கரண்ட் காட்டுகிற மீட்டரோடு சேர்த்து அடித்தேன். "ரதம் நின்னா சுவிட்ச அணைச்சிடு. இல்லன்னா வெட்டியா பேட்டரியத் தின்னும்" என்று சொல்லிவைத்தேன். விளக்குக்கு ஒரு லாரி பேட்டரி. அதைக் கோயில் பிளக்கில் சொருகி வியாழக்கிழமையே நிரப்பியிருந்தோம்.

வெள்ளி காலையில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, இரண்டு பேர் கையால் சுற்றினார்கள். மீட்டர் முள் ஏறியது. கமிட்டிக்காரர்கள் கை தட்டினார்கள். சுற்றிய இரண்டு பேருக்கும் சட்டை நனைந்துவிட்டது. அதை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் முள்ளைத்தான் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் நானும் முள்ளைத்தான் பார்த்தேன். நாமே கட்டின சாமான் வேலை செய்யும்போது தெரிந்ததெல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோகும்.

சாயங்காலம் ஆறரைக்கு ரதம் கிளம்பியது. அம்மன் மஞ்சள் பட்டில், எலுமிச்சை மாலையில். ரதத்து ஓரம் சுற்றிச் சீரியல் லைட்டு, முகத்துக்கு நேராக இரண்டு பெரிய விளக்கு. தம்பி மேல்தட்டில் சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டி உட்கார்ந்திருந்தான். நான் ரதத்தோடு பக்கவாட்டில் நடந்தேன். வடத்தில் வேன் பெண்கள் ஏழு பேரும் இருந்தார்கள். முன்வரிசையில் டயர்க் கடையில் வேலை செய்கிற ஒரு பெரிய ஆள். அவன் தம்பிக்கு நெருங்கின கூட்டாளி, ஒருத்தரையொருத்தர் மச்சான் என்பார்கள். அவன் ஒருத்தன் இழுத்தாலே ரதம் பாதி வரும் என்று பேர்.

முதல் தெரு முழுக்க நன்றாகப் போனது. இருட்டத் தொடங்கியபோது, சீனன் மளிகைக் கடைத் திருப்பம் தாண்டியதும் தம்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். சுவிட்சைத் தட்டினான்.

நாதஸ்வரம் மூச்சு வாங்க நின்ற நேரம் அது. 'டிக்' என்ற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மீட்டர் முள் ஏறியது. தம்பி எனக்குக் கட்டைவிரலைக் காட்டினான். வடத்திலிருந்து ஒரு முனகல் வந்தது.

இருபது அடி போனார்கள். மெதுவானது. பூசாரி திரும்பிப் பார்த்தார். பத்தடி. நின்றுவிட்டது.

"என்னாச்சு? இழுங்க மச்சான்" என்று தம்பி மேலிருந்து கத்தினான்.

"இழுக்கறோம்லா. வர மாட்டேங்குது."

நான் சொன்னபடி, ரதம் நின்றதால் அவன் சுவிட்சை அணைத்தான். டிக்.

"ஆத்தா கனம் காட்டுறா" என்று கூட்டத்தில் ஒரு பெண் குரல். அவ்வளவுதான். எல்லார் கையும் தலைக்கு மேல் போனது. எங்கள் ஊர் ரதத்தில் இது புதிதில்லை. வழியில் அம்மனுக்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் ரதம் கனத்துவிடும், பூஜை போட்டால் நகரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பகலில் லாரி ஓட்டுகிற பூசாரி, இதற்கு முன்பும் இதைப் பார்த்தவர். கற்பூரம் ஏற்றினார். தேங்காயைச் சாலையில் அடித்தார். எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து குங்குமம் தடவி நாலு சக்கரத்துக்கும் வைத்தார். "இழுங்க" என்றார்.

பூப்போல நகர்ந்தது. குலவை.

நான் மேலே பார்த்தேன். தம்பி கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தான். டைனமோ கட்டினவனே அவன்தான். சுவிட்ச் வைத்தவள் நான். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் என் கையும் கூப்பித்தான் இருந்தது.

ரதம் ஓடத் தொடங்கியதும் அவன் கண்ணைத் திறந்து, வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவன் போல, மறுபடி சுவிட்சைத் தட்டினான்.

பழைய ரப்பர்ப் பால் ஸ்டோர் வரைக்கும்தான் வந்தது. அங்கே இப்போது பாலும் இல்லை, தராசும் இல்லை, சுவர் மட்டும் நிற்கிறது, லேசான மேடு. மேட்டில் ஏறவே முடியவில்லை. நின்றது. டிக். இரண்டாவது தேங்காய். இரண்டாவது குலவை. பூப்போல நகர்ந்தது. டிக்.

மூன்றாவது தடவை ரதம் நின்றபோது பூசாரி தேங்காயை உடைத்துவிட்டு உடனே இழுக்கச் சொல்லவில்லை. வடத்தில் இருக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரோ தப்பு பண்ணிட்டு வந்து கயித்தத் தொட்டுருக்கீங்க. யாருன்னு சொல்லிடுங்க. ஆத்தா மன்னிச்சிடுவா."

நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் துடைத்தார். பிறகு முன்வரிசையில் அந்த டயர்க் கடை ஆள், வடத்தை விட்டுவிட்டு, முகம் தொங்கிப்போய், "நாந்தான் சாமி" என்றான்.

"என்னப்பா பண்ண?"

"மத்தியானம் மாமாக் சாப்பாட்டுக் கடையில ரொட்டி சானாய் சாப்பிட்டேன். பருப்புக் கறிதான் கேட்டேன் சாமி. சத்தியமா பருப்புதான். அவன் அதுமேல மீன் கறியும் கொஞ்சம் ஊத்திட்டான்."

"அப்பவே தள்ளி வச்சிருக்கணும்ல?"

"தள்ளித்தான் வச்சேன்." தலையைக் குனிந்துகொண்டான். "அப்புறம் நல்லாருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. "நீ ஓரமா நில்லுப்பா" என்றார். நாற்பது நாள் விரதம் இருந்தவன் அவன். கடைசி நாள் மத்தியானம் அரைக் கரண்டி குழம்பில் எல்லாம் போயிற்று. வடத்தின் முன்னாலிருந்து விலகி, சாலையோரச் சாக்கடை விளிம்பில் கால் பட நின்றான். ரதத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அங்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மூன்று தேங்காய் உடைகிற வரைக்கும் சும்மா இருந்தேன். தம்பிக்கே தெரியட்டும் என்று ஒரு எண்ணம். என் காயிலைக் குறை சொன்னான் அல்லவா, அந்தப் புழுக்கமும் உண்டு. ஒரு ஆள் தலைகுனிந்து நிற்கிற அளவுக்கு அது போகும் என்று நினைக்கவில்லை. "டேய்" என்று மேலே பார்த்து ஆரம்பித்தேன்.

எனக்கு முன்னால் வேறொருத்தி பேசிவிட்டாள். கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்கிற பெண், வேனில் தினமும் தம்பியின் சீட்டுக்குப் பின்னால் உட்காருகிறவள்.

"அண்ணே, மேல என்னமோ டிக்குன்னு சத்தம் கேக்குது. அந்தச் சத்தம் கேட்டாத்தான் கயிறு கனக்குது."

"அது டைனமோ சுவிட்சு" என்றான் தம்பி. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"இருக்குண்ணே. மூணு வாட்டியும் அப்படித்தான். ஆத்தா சுவிட்சு போட்டா கனம் காட்டுவாளா?"

"நீ இழு தாயி, பேசாத."

"மேல உக்காந்து சுவிட்சு தட்டுனா என்ன தெரியும்லா? எறங்கி வந்து ஒரு வாட்டி கயித்தப் புடிச்சுப் பாருங்க. எங்க தோள்பட்டைதான் கழறுது."

சுற்றி இருந்த பெண்கள் "ஆமாண்ணே, வாங்க, வாங்க" என்றார்கள். தினமும் வேனில் அவனைக் கிண்டல் பண்ணிப் பழகினவர்கள். தம்பி பூசாரியைப் பார்த்தான். கமிட்டித் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான்.

"எறங்குடா. சுவிட்ச நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவன் இறங்கினான். நான் ரதத்தின் பக்கத்துப் படியில் ஏறி, எட்டி சுவிட்சில் கை வைத்துக்கொண்டேன். அவன் போய் டயர்க் கடைக்காரன் விட்ட இடத்தில் வடத்தைப் பிடித்தான். ஆறு வருஷமாக ரதத்தோடு சுற்றுகிறவன், வடத்தை அன்றுதான் முதல் தடவையாகத் தொட்டான் என்று நினைக்கிறேன். எப்போதும் ஜெனரேட்டர் பக்கம், இல்லாவிட்டால் மேலே.

இழுத்தார்கள். சுவிட்ச் அணைந்திருந்தது. ரதம் லேசாக உருண்டது. தம்பி திரும்பி "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னான்.

நான் தட்டினேன்.

அவன் முதுகு வளைந்ததை மேலிருந்து பார்த்தேன். கால் சறுக்கி, ஊன்றிக்கொண்டான். பக்கத்துப் பெண்கள் அவன் முகத்தைத்தான் பார்த்தார்கள், ரதத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாறு அடி போனதும் அணைத்தேன். வடம் தொய்ந்து, அவன் முன்னால் தடுமாறினான். மறுபடி தட்டினேன். வளைந்தான். அணைத்தேன். தடுமாறினான். விளக்கு மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. லாரி பேட்டரி நிரம்பத்தான் இருந்தது. டைனமோ இல்லாமலே கோயில் திரும்பும் வரைக்கும் அதுவே போதும்.

அவன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். ரதம் நின்றது. அவன் வடத்தைக் கீழே விட்டான். பிறகு ரதத்தின் அடியில் குனிந்து டைனமோவின் மேல் கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டான். அது கொதித்துக்கொண்டிருந்தது. முப்பது பேர் இழுத்ததில் கொஞ்சம் விளக்குக்குப் போனது, மிச்சம் அங்கே இரும்பில் சூடாக உட்கார்ந்திருந்தது. அவன் விரலை உதறிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"வேன்ல யாரு அக்கா கயிறு இழுப்பா?"

"பேட்டரிதான்" என்றேன்.

"அது வாயத் தொறந்து சொல்லாது."

"மீட்டர்ல சொல்லும். நீதான் டன்னல் எறக்கத்துல மட்டும் பாப்ப."

தம்பி பூசாரியிடம் போய் ஏதோ மெல்லப் பேசினான். பூசாரி முதலில் முறைத்தார். பிறகு ரதத்தின் அடியில் எட்டிப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், அம்மனையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சரி, சரி. மூணு தேங்காயும் வீணில்ல, அதுக்கும் கணக்கு இருக்கு" என்றார். பிறகு எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தியைத் தம்பியிடம் நீட்டினார். தம்பி அடியில் நுழைந்து, இரண்டு பெல்ட்டையும் அறுத்து, வெளியே இழுத்துப் போட்டான். நல்ல பெல்ட், கழற்றியிருக்கலாம்.

இடுப்புத் துண்டில் செருகியிருந்த போனை எடுத்தான். எல்லாருக்கும் கேட்கும்படித்தான் பேசினான். "தவுக்கே... ஆமா, நாந்தான். நாளைக்கு வேணாம். தா ஜாடி லா. ஓட்டையெல்லாம் போட வேணாம். வேனுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு." அந்தப் பக்கம் தவுக்கே ஏதோ கேட்டிருக்க வேண்டும். "தைப்பிங்ல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வாரேன். சாப்பாட்டுக் கடையா இல்ல அங்க?" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

வேன் பெண்களில் இரண்டு பேர் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமை வேன் வொர்க்ஷாப்புக்குப் போக இருந்தது அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தம்பி சாலையோரத்துக்குப் போனான். சாக்கடைப் பக்கம் தலைகுனிந்து நின்றவனின் கையைப் பிடித்தான்.

"ஒன் மீன் கறி இல்ல மச்சான். என் டைனமோ. வா, வந்து புடி."

"சாமி என்ன சொல்வாரோ."

"சாமிகிட்டச் சொல்லிட்டேன். வாடா."

அவனை முன்வரிசையில் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தம்பி அவனுக்குப் பின்னால் வடத்தை எடுத்தான். எடுத்தவன் ஏதோ ஞாபகம் வந்து, தட்டு ஏந்தி நின்ற தன் பெண்டாட்டியைப் பார்த்துக் கூட்டத்துக்கு மேலே குரல் கொடுத்தான்.

"வேனுக்கு வயர சொருகிட்டு வந்தியா?"

"சொருகிட்டேன். மழ வந்தா கொட யாரு புடிப்பா?"

கூட்டம் சிரித்தது. அவன் வானத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு துண்டை இறுக்கிக் கட்டி, வடத்தை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, முன்னால் சாய்ந்து இழுத்தான்.